பந்த விட்டுட்டு 56ஐ பாருங்க: லாரன்ஸ் டெய்லர் ஆட்டத்த பாக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்கன் ஃபுட்பால் பாக்க ஆரம்பிச்சு ரெண்டே வாரத்துல விட்டுட்டு ஓடிப்போன நம்மாளுங்க நிறைய பேர எனக்குத் தெரியும், நானும் ஒரு தடவ ஓடினவன் தான். கிரிக்கெட் பாத்து வளந்த கண்ணு பந்து பின்னாடியே போகும், இந்த ஆட்டத்துல பந்த மட்டும் பாத்துட்டு இருந்தா அஞ்சு செகண்ட்ல எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கெடப்பாங்க, அப்பறம் அர நிமிஷம் ஒண்ணும் நடக்காது, விளம்பரம் வந்துடும், என்ன கருமம்டா இதுன்னு எந்திரிச்சு போயிடுவோம். என்ன திரும்ப உள்ள இழுத்துட்டு வந்தது ஒரே ஒரு ஆளு. நியூயார்க் ஜயன்ட்ஸ் டீம்ல 56ஆம் நம்பர் போட்டு ஆடின லைன்பேக்கர் லாரன்ஸ் டெய்லர். 1981லேர்ந்து 1993 சீசன் வரைக்கும் 13 சீசன், ஒரே டீம். அவர எல்லாரும் எல்டின்னு தான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே எழுதறேன்.

அவர் ஆடினது எல்லாம் பழைய மேட்ச், ஆனா வீடியோ தேடினா கெடைக்கும். எந்த வரிசைல பாக்கறது, எங்க நிறுத்தி பாக்கறது, எத பாக்காம விடறதுன்னு எனக்கு புடிபட்டத இங்க எழுதறேன். இப்பவே சொல்லிடறேன், நான் கோச்சும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நியூஜெர்சிக்கு வந்த புதுசுல ஆபீஸ்ல ஒரு பெரியவர்கிட்ட "லைன்பேக்கர்ன்னா பின்னாடி நிக்கறவன் தான, அப்ப முன்னாடி நிக்கறவன் தான பெரிய ஆளு"ன்னு கேட்டவன் நான். அவரு காபி கப்ப கீழ வெச்சுட்டு என்ன பாத்த பார்வை இருக்கே. எல்டி பேர மொத மொதல்ல சொன்னது அவரு தான். ஜயன்ட்ஸுக்கு பேரு தான் நியூயார்க், ஸ்டேடியம் இருக்கறது நியூஜெர்சில ஈஸ்ட் ரதர்ஃபோர்டுல, அதனால இந்தப் பக்கம் கொஞ்சம் வயசான எவர்கிட்ட கேட்டாலும் எல்டி கத ஒண்ணாவது வெச்சிருப்பாங்க.

ரூல்ஸ் மொத்தமும் படிக்காதீங்க, தூக்கம் வந்துடும். இவ்ளோ போதும். ரெண்டு பக்கமும் 11 பேரு. பந்து வெச்சிருக்கற டீமுக்கு 10 யார்டு நகர 4 சான்ஸ், ஒவ்வொரு சான்ஸும் ஒரு டவுன். பந்த தூக்கி எறியறவன் குவார்ட்டர்பேக், அவனுக்கு முன்னாடி சுவரு மாதிரி 5 தடியனுங்க, அந்த அஞ்சு பேர்ல ரெண்டு ஓரத்துலயும் நிக்கறவங்க பேரு டேக்கிள் (ஆள புடிச்சு கீழ தள்றதுக்கும் இதே பேரு தான், குழப்பிக்காதீங்க). எதிர் டீம்ல முன்வரிசைல முட்டி மோதறவங்க, கடைசில ஓடிப்போய் பாஸ தடுக்கறவங்க, நடுவுல லைன்பேக்கர். அவனுக்கு எல்லா வேலையும் உண்டு, ஓடி வர்றவன புடிக்கணும், பாஸ தடுக்கணும், சமயம் பாத்து குவார்ட்டர்பேக் மேலயே பாயணும். குவார்ட்டர்பேக் பந்த எறியறதுக்கு முன்னாடியே அவன ப்ளே ஆரம்பிச்ச கோட்டுக்கு பின்னாடி சாச்சுட்டா அது சாக். அவ்ளோ தான் பாடம்.

இப்ப எந்திரிச்சு நில்லுங்க, நெஜமா தான். ஒரு சாக்ஸ உருண்டையா சுருட்டி வலது கைல எடுத்துக்கோங்க, தூரமா எறியப்போற மாதிரி கைய காதுக்கு பின்னாடி கொண்டு போங்க. இடது தோள் முன்னாடி போயிடுச்சா, நெஞ்சு வலது பக்கம் திரும்பிடுச்சா? இப்ப இடது பக்கத்துலேர்ந்து யாராவது நடந்து வந்தா உங்க முதுகுக்குத் தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வீட்ல யாராவது இருந்தா அந்தப் பக்கத்துலேர்ந்து வந்து கைய தட்டி விட சொல்லுங்க, எங்க வீட்ல பையன் செஞ்சான், எனக்கு தூக்கி வாரிப்போட்டுச்சு. எல்டி நின்னது அந்த எடம். ஜயன்ட்ஸ் முன்னாடி 3 பேர், லைன்பேக்கர் 4 பேர்ன்னு நிறுத்தி ஆடினாங்க, அதுல வலது ஓரம் இவருக்கு, அதாவது எதிராளிக்கு இடது பக்கம், முதுகுப் பக்கம்.

அந்த எடத்துல அதுக்கு முன்னாடியும் ஆளுங்க நின்னாங்க தான். ஆனா பெரும்பாலும் அவங்க பொறுத்திருந்து ஆடறவங்க, எதிராளி என்ன செய்யறான்னு பாத்துட்டு அப்பறம் போவாங்க, எப்பவாச்சும் பாஞ்சா ஒரு ரன்னிங் பேக்க விட்டு தடுத்துடலாம். ரன்னிங் பேக்ன்னா பந்த வாங்கிட்டு ஓடறவன், சுமாரா 90, 95 கிலோ இருப்பான். எல்டி 6 அடி 3 அங்குலம், 107 கிலோ கிட்ட, ஓடறது மட்டும் சின்ன உடம்புக்காரன் ஓடற மாதிரி. அந்த ரன்னிங் பேக்க அப்படியே தூக்கி குவார்ட்டர்பேக் மேலயே போட்டுட்டு போயிடுவாரு. அப்ப யார வெச்சு தடுக்கறது? மொத்த லீகும் பத்து வருஷம் மண்டைய ஒடச்சுக்கிட்டது இந்தக் கேள்விக்குத் தான். நீங்க வீடியோல பாக்க வேண்டியதும் எல்டிய மட்டும் இல்ல, எல்டிக்காக எதிர் டீம் என்னெல்லாம் மாத்திக்குதுங்கறத தான்.

பாக்கற முறை சொல்றேன். ஸ்னாப்புக்கு, அதாவது பந்து நடுவுலேர்ந்து பின்னாடி வர்றதுக்கு முன்னாடியே வீடியோவ நிறுத்திடுங்க. 56 எங்கன்னு தேடுங்க. அனேகமா ஓரத்துல நின்னுட்டு தான் இருப்பாரு, பக்கத்துல கைய தரைல ஊனி குனிஞ்சிருக்கறவங்க முன்வரிசை ஆளுங்க. அடுத்தது அவருக்கு எதிர யாரு இருக்காங்கன்னு பாருங்க, லெஃப்ட் டேக்கிள் தனியா இருக்கானா, அவன் பக்கத்துல டைட் எண்ட் (தடுக்கவும் செய்வான், பாஸும் புடிப்பான்) ஒருத்தன் ஒட்டி நிக்கறானா, பின்னாடி ரன்னிங் பேக் அந்தப் பக்கம் சாஞ்சு நிக்கறானா. அப்பறம் ப்ளே பண்ணி மொத ரெண்டு அடி மட்டும் பாருங்க, முன்னாடி போறாரா பின்னாடி போறாரா. பந்து எங்க போச்சுங்கறத கடைசியா பாருங்க, அது எங்கயும் ஓடிப்போயிடாது. ஒரு ப்ளேய மூணு நாலு தடவ ஓட்டிப் பாக்க வேண்டியிருக்கும், மொத மேட்சுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகும், பரவால்ல. நான் ஒரு நோட்டு வெச்சு "பாஞ்சாரு / பின்னாடி போனாரு / தடுத்தது எத்தன பேரு"ன்னு மூணு கோடு போட்டு எழுதினேன், வீட்ல பாத்துட்டு ஆடிட்டர் வேலையான்னு கேட்டாங்க.

இன்னொண்ணு. அந்தக் காலத்து டிவி கேமரா நெருக்கமா புடிச்சிருக்கும், கடைசில நிக்கறவங்க ஃப்ரேம விட்டு வெளிய போயிடுவாங்க, பாஸ் எறிஞ்சா தான் வருவாங்க. ஆனா கோட்டு ஓரத்துல நிக்கற எல்டி அனேகமா எப்பவும் ஃப்ரேம்ல இருப்பாரு. பழைய வீடியோ பாத்து ஆட்டம் கத்துக்கணும்ன்னா அதனாலயே லைன்பேக்கர புடிச்சுக்கறது லாபம். அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ் வீடியோவ மட்டும் மொதல்ல பாக்காதீங்க. அதுல சாக் சாக் சாக்ன்னு போகும், பாத்தா எல்லாரும் அவரு காலடில தானா வந்து விழற மாதிரி இருக்கும், மூணு பேரு அவர தடுத்துட்டு இருக்கறதால இன்னொரு ஜயன்ட்ஸ் ஆளு சும்மா உள்ள நடந்து போய் சாக் எடுக்கற ப்ளே எல்லாம் அதுல வராது.

இப்ப மேட்ச் வரிசை. நான் தோல்விலேர்ந்து தான் ஆரம்பிக்க சொல்லுவேன். 1981ல டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் ஆட்டக்காரங்கள டீமுங்க வரிசையா எடுத்துக்கறதுல, மொத ஆளா நியூ ஆர்லியன்ஸ் ஜார்ஜ் ரோஜர்ஸ்ன்னு ரன்னிங் பேக்க எடுத்துக்கிட்டாங்க, ரெண்டாவதா ஜயன்ட்ஸ் எல்டிய எடுத்தாங்க, நார்த் கரோலினா யுனிவர்சிட்டிலேர்ந்து. முந்தின வருஷம் 4 ஜெயிச்சு 12 தோத்த டீம், 1963க்கு அப்பறம் ப்ளேஆஃப் பக்கமே போகாத டீம், அந்த வருஷம் உள்ள போயிடுச்சு. எல்டி வந்த மொத வருஷமே சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கிட்டாரு, புதுமுகத்துக்குன்னு குடுக்கறது தனி, அதயும் வாங்கினாரு, ரெண்டயும் ஒரே வருஷம் வாங்கினது இன்னிக்கு வரைக்கும் அவரு ஒருத்தர் தான். அப்பறம் 1982 ஜனவரி 3, சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் கூட ப்ளேஆஃப். அங்க கோச் பில் வால்ஷ். அவரு என்ன பண்ணாருன்னா, எல்டி பாயும்போது ரன்னிங் பேக்க அனுப்பாம, லெஃப்ட் டேக்கிளுக்கு அடுத்து உள்ள நிக்கற லெஃப்ட் கார்டு ஜான் அயர்ஸ பின்னாடி இறக்கி ஓரத்துக்கு நகர சொன்னாரு. நல்ல கனமான ஆளு, குனிஞ்சு நிக்கறவரு. இந்த மேட்ச்ல 56க்கு எதிர கார்டு நழுவி வர்றத நாலஞ்சு தடவ நிறுத்தி பாருங்க. 49அர்ஸ் 38-24ன்னு ஜெயிச்சு அந்த வருஷம் சூப்பர் பௌலும், அதான் லீக் ஃபைனல், எடுத்தாங்க. ஒரு புதுப்பையனுக்காக மொத்த பாஸ் பாதுகாப்பயும் திருப்பிப் போட்டாங்கன்னா அத விட பெரிய சர்ட்டிஃபிகேட் வேணுமா சொல்லுங்க.

இதோட சேத்து வாஷிங்டன் மேட்ச் எதாவது ஒண்ணு பாருங்க, 1992 வரைக்கும் எந்த வருஷமா இருந்தாலும் சரி. ஒரே டிவிஷன், வருஷத்துக்கு ரெண்டு தடவ எல்டி மூஞ்சிய பாத்தே ஆகணும். அங்க கோச் ஜோ கிப்ஸ் ஒரு டைட் எண்டுக்கு பதிலா ரெண்டு வெச்சாரு, அதுல ஒருத்தன ஸ்னாப்புக்கு முன்னாடி அங்கயும் இங்கயும் நகத்தினாரு, அந்த எடத்துக்கு எச்-பேக்ன்னு பேரு. எல்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒரு ஆளு கூடுதல். நீங்க நிறுத்தி எண்ணிப் பாத்தா புரியும்.

அடுத்து 1982 தேங்க்ஸ்கிவிங், டெட்ராய்ட் லயன்ஸ். இது வேற மாதிரி மேட்ச், ஏன்னா இதுல நீங்க பாக்கப்போற ப்ளேல அவரு பாயல, பின்னாடி போறாரு. ஸ்கோர் 6-6, கடைசி குவார்ட்டர், லயன்ஸ் ஆளுங்க ஜயன்ட்ஸோட கோல் லைன் (பந்தோட அத தாண்டினா டச்டவுன்) கிட்ட வந்துட்டாங்க, குவார்ட்டர்பேக் ஓரமா ஒரு பாஸ் எறியறாரு, எல்டி குறுக்க பூந்து புடிச்சு அங்கிருந்து 97 யார்டு ஓடறாரு. முட்டி வலியோட ஆடின மேட்ச் வேற. மைதானம் மொத்த நீளமே கோல் லைனுக்கு கோல் லைன் 100 யார்டு தான், அத நெனச்சுக்கிட்டு பாருங்க. 107 கிலோ ஆளு ஓடறாரு, பின்னாடி ஒருத்தனாலயும் தொட முடியல. 13-6ன்னு ஜயன்ட்ஸ் ஜெயிச்சாங்க. சாக் எடுக்கறவர் மட்டும்ன்னு நெனைக்கறவங்களுக்கு நான் இத தான் அனுப்பி வைப்பேன்.

1985 நவம்பர் 18, வாஷிங்டன்ல மண்டே நைட் மேட்ச். இத பத்தி முன்னாடியே எச்சரிக்கை குடுத்துடறேன், ரத்தம் பாத்தா மயக்கம் வர்றவங்க இத விட்டுடுங்க, கொழந்தைங்க பக்கத்துல இருந்தா போடாதீங்க. ஜோ தெயிஸ்மன் வாஷிங்டன் குவார்ட்டர்பேக், வயசு 36. பந்த ரன்னிங் பேக் ஜான் ரிக்கின்ஸ்கிட்ட குடுக்கறாரு, ரிக்கின்ஸ் ஓடற மாதிரி போக்கு காட்டிட்டு திரும்பி தெயிஸ்மன்கிட்டயே தூக்கிப் போடறாரு, ஜயன்ட்ஸ் லைன்பேக்கருங்க ஏமாறல, ஹாரி கார்சன் நெருங்கி வர தெயிஸ்மன் முன்னாடி நகர்றாரு, பின்னாடிலேர்ந்து எல்டி மேல விழறாரு. வலது கால் கீழ ரெண்டு எலும்பும் ஒடஞ்சு போச்சு. நான் சொல்ற எடத்துல பாருங்க, விழறத இல்ல, விழுந்ததுக்கு அடுத்த செகண்ட். எல்டி தலைய புடிச்சுட்டு எந்திரிச்சு வாஷிங்டன் பெஞ்ச பாத்து கைய ஆட்டி ஆட்டி ஆள வர சொல்றாரு. அத்தன வருஷம் மூர்க்கமா ஆடினவரு அந்த ஒரு நிமிஷம் பதறினது கேமராவுல அப்படியே இருக்கு. தெயிஸ்மன் அதுக்கப்பறம் ஆடவே இல்ல. அந்த மேட்ச்ல வாஷிங்டன் தான் 23-21ன்னு ஜெயிச்சதுங்கறது பலருக்கு ஞாபகம் கூட இருக்காது.

ஒரே ஒரு சீசன் தான் பாக்க டைம் இருக்குன்னா 1986. பில் பார்செல்ஸ் ஹெட் கோச், டிஃபென்ஸ பாத்துக்கிட்டது பில் பெலிசிக், பின்னாடி நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸ் கோச்சா 6 சூப்பர் பௌல் ஜெயிச்சாரே அதே ஆளு. எல்டிக்கு 20.5 சாக், டீமுக்கு 14 வெற்றி 2 தோல்வி. அந்த வருஷம் லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் விருது எல்டிக்கு. அது பெரும்பாலும் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக்குன்னு பந்து கைல வெச்சிருக்கறவங்களுக்கே போற விருது, டிஃபென்ஸ் ஆளுக்கு அதுக்கு முன்னாடி 1971ல ஆலன் பேஜுக்கு தான் கெடைச்சுது, எல்டிக்கு அப்பறம் இன்னும் ஒருத்தருக்கும் கெடைக்கல. ப்ளேஆஃப்ல 49அர்ஸ 49-3ன்னு நசுக்கினாங்க. அதுல ஜயன்ட்ஸ் ஆளு ஜிம் பர்ட் இடிச்ச இடில 49அர்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ மொண்டானா எறிஞ்ச பந்து தடுமாறி வர, எல்டி அத புடிச்சு 34 யார்டு ஓடி டச்டவுன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கார்டு நழுவி வந்து தடுத்தாங்களே அதே டீம், அந்த மேட்ச பாத்துட்டு இத பாத்தா தான் ருசி.

1987 ஜனவரி 25, பாசடேனால ரோஸ் பௌல், 21வது சூப்பர் பௌல், எதிர டென்வர். ரெண்டாவது குவார்ட்டர்ல ஒரு எடம் வரும், டென்வருக்கு கோல் லைன் 1 யார்டு தான் பாக்கி, அதுக்கு மூணு முயற்சி, கூட ஒரு கிக். மொத முயற்சி டென்வர் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே தானே பந்த வெச்சுட்டு ஓரமா ஓட, எல்டி தொரத்தி 1 யார்டு பின்னாடியே சாய்ச்சாரு. ரெண்டாவது நடுவுல, கார்சன் அடைச்சாரு. மூணாவது இன்னொரு ஓரம், அங்க கார்ல் பேங்க்ஸ் காத்திருந்தாரு. கிக்கும் வெளிய போச்சு. இத குறஞ்சது நாலு தடவ பாருங்க, ஒவ்வொரு தடவயும் ஒரு லைன்பேக்கர மட்டும். ஜயன்ட்ஸ் 39-20ன்னு ஜெயிச்சாங்க.

இங்க சாக் கணக்கு பத்தி ஒரு வார்த்த. லீக் சாக்க அதிகாரப்பூர்வமா எண்ண ஆரம்பிச்சதே 1982லேர்ந்து தான். அதனால எல்டியோட மொத வருஷம் எடுத்த 9.5 புத்தகத்துல சேராது, 132.5ன்னு தான் போட்டிருக்கும், சேத்தா 142. அந்த அரைன்னா ரெண்டு பேரு சேந்து சாய்ச்சது, பாதி பாதி. முன்வரிசைல ஆடின புரூஸ் ஸ்மித் 200 வெச்சிருக்காரே, அப்ப அவரு தான் பெருசான்னு சண்டைக்கு வருவாங்க. சண்டை போடாதீங்க, நோட்ட எடுத்து காட்டுங்க, முன்வரிசை ஆளு பெரும்பாலும் பாஞ்சுட்டே இருப்பான், எல்டி எத்தன ப்ளேல பின்னாடி போய் பாஸ தடுத்தாருன்னு எழுதி வெச்சிருப்பீங்கல்ல. கெரியர்ல 9 இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி பாஸ குறுக்க புடிச்சது, சும்மா வந்ததில்ல.

அவரோட வாழ்க்கைய மறச்சிட்டு ஆட்டத்த மட்டும் காட்டறதும் எனக்கு சரியா படல. கொக்கைன் பழக்கம் இருந்துச்சு, 1988 சீசன்ல ரெண்டாவது தடவ டெஸ்ட்ல மாட்டி 30 நாள் சஸ்பெண்ட், மொத 4 மேட்ச் வெளிய. அதே வருஷம் நவம்பர் 27 நியூ ஆர்லியன்ஸ்ல, தோள் தச கிழிஞ்சு, கட்டு போட்டு இறுக்கிட்டு ஆடின மேட்ச் இருக்கு, 3 சாக், ரெண்டு தடவ பந்த தட்டி விட்டாரு, 13-12ன்னு ஜெயிச்சாங்க. ப்ளேக்கு நடுவுல தோள புடிச்சுட்டு நடக்கறத கேமரா காட்டும். சிலர் இத வீரம்ன்னு சொல்வாங்க, எனக்கு பாக்கும்போது பாதி பிரமிப்பு, பாதி யாராவது அந்த ஆள உக்கார வெய்யுங்கப்பான்னு இருக்கும். ரிட்டையர் ஆனதுக்கு அப்பறமும் போதை கேஸ்ல கைதாகியிருக்காரு, 2011ல 16 வயசு பொண்ணு சம்பந்தப்பட்ட வழக்குல குற்றத்த ஒத்துக்கிட்டு 6 வருஷம் புரொபேஷன், பாலியல் குற்றவாளிகள் பட்டியல்லயும் பேரு ஏறிச்சு. ஜெர்ஸி போட்டுட்டு ஹீரோன்னு கத்தறதுக்கு முன்னாடி இதயும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, நான் அந்த ஜெர்ஸி வாங்கல.

கடைசி பக்கத்துக்கு ரெண்டு மேட்ச். 1991 ஜனவரில 49அர்ஸ் கூட மறுபடி, அவங்க ஊர்லயே. கடைசி நிமிஷங்கள்ல அவங்க முன்னாடி இருக்காங்க, பந்தும் அவங்ககிட்ட, எரிக் ஹோவர்டு இடிச்சதுல ரோஜர் க்ரெய்க் கைலேர்ந்து பந்து நழுவ, அத அந்தரத்துலயே அணைச்சுக்கிட்டது 56. அதுலேர்ந்து மேட் பார் கிக் அடிச்சு 15-13. அடுத்த வாரம் பஃபலோவ 20-19ன்னு ஜெயிச்சு ரெண்டாவது சூப்பர் பௌல். 1992ல குதிகால் தசைநார் அறுந்து போச்சு, ஆனாலும் இன்னும் ஒரு சீசன் ஆடினாரு.

ரெண்டாவது, அவரோட கடைசி ஆட்டம், 1994 ஜனவரி, திரும்பவும் அதே சான் பிரான்சிஸ்கோ. 44-3ன்னு தோத்தாங்க. இதுல 56க்கு எதிர எத்தன பேரு நிக்கறாங்கன்னு மட்டும் எண்ணுங்க, நோட்டுல மூணாவது கோட்ட பாத்தாலே தெரிஞ்சிடும். நான் இன்னும் அந்த மேட்ச மூணாவது குவார்ட்டர் தாண்டி பாத்ததில்ல.